வீங்கிய பாதங்கள்

அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட முடியவில்லை. வெள்ளைத் துணியைக் கிழித்து இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. மூன்றாவது முறை இழுத்துக் கட்டியபோது துணி சதைக்குள் இறங்கியது. அதைப் பார்த்துத்தான் நான் கத்தினேன். செத்தவளுக்கு வலிக்காது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை.

பெரியப்பா வாசலிலிருந்து உள்ளே வந்தார். "படிச்ச பொண்ணு நீயே இப்படிக் கத்தலாமா? காலேஜ்ல இருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. நீதான் எல்லாருக்கும் தைரியம் சொல்லணும்" என்றார். அப்புறம் அம்மாவின் காலைப் பார்த்தார். "புடவைய இழுத்து மூடுங்க, அசிங்கமா இருக்கு" என்றார். யாரோ மூடினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அது 2011ஆம் ஆண்டு ஆடி மாதம். அதற்குப் பிறகு பல வருடங்கள் நான் அம்மாவுக்காக அழவில்லை. அழுகை வராமல் இல்லை. தொண்டைவரை வரும், "படிச்ச பொண்ணு" என்ற சொல் அங்கே நின்றுகொண்டிருக்கும்.

அம்மா காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரை பேக்கிங் கம்பெனியில் பதினேழு வருடம் வேலை செய்தாள். நின்றுகொண்டே செய்யும் வேலை. பெல்ட்டில் வரும் அட்டைகளை எடுத்து, எண்ணி, பெட்டிக்குள் வைக்க வேண்டும். உட்கார ஸ்டூல் கிடையாது. உட்கார்ந்தால் கை மெதுவாகும் என்பது சூப்பர்வைசரின் கணக்கு. ஷிப்ட் முடிந்து வந்ததும் அலுமினிய அன்னக்கூடையில் வெந்நீர் ஊற்றி, ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டு, கால்களை உள்ளே வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடுவாள். தண்ணீர் ஆறும்வரை அவளிடம் யாரும் பேசக் கூடாது. வீட்டில் அவளுக்கென்று இருந்த ஒரே அரைமணி நேரம் அது.

அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்ட் வரும் வாரங்களில் நான் அடுத்த தெரு அக்கா வீட்டில் இருப்பேன். அக்கா அதே கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவள். ஷிப்ட் மட்டும் மாறி மாறி வரும். கிறிஸ்தவக் குடும்பம். அவள் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர் படம் இருந்தது. வருடம் முடிந்து தேதித் தாள் கிழிந்து போன பிறகும் படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். நீல முக்காடு போட்ட ஒரு பெண். கண்கள் மேல்நோக்கி இருக்கும். கன்னத்தில் ஒரே ஒரு கண்ணீர்த் துளி. நெஞ்சில் ஏழு வாள்கள் குத்தியிருக்கும்.

"வாள் குத்தியிருக்கே, ரத்தம் ஏங்கா வரல?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது உள்ளுக்குள்ள வர்ற ரத்தம் பாப்பா" என்றாள் அக்கா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

நான் பின்னாளில் தமிழ் இலக்கியம் படித்து, முனைவர் பட்டம் வாங்கி, குறியீடு என்றால் என்ன என்று வகுப்பெடுக்கத் தொடங்கினேன். அக்கா சொன்னதைவிடச் சுருக்கமான விளக்கம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தின் பெயர் வியாகுல மாதா. குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுவந்தபோது, முதியவர் சிமியோன் மரியாளிடம், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்று சொன்னதாக லூக்கா நற்செய்தியில் வருகிறது. அந்த ஒரு வாள், மரியாளின் ஏழு துயரங்களைக் குறிக்கும் ஏழு வாள்களாகப் பெருகியது. மேலே செருகிய கண்களும் ஒற்றைத் துளிக் கண்ணீரும் பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர்களிடமிருந்து வந்தவை. பொலோனியா நகரத்து குயிதோ ரெனி வரைந்த இத்தகைய முகங்களை ஐரோப்பா முழுக்கப் பிரதி எடுத்தார்கள். பிரதியின் பிரதி அச்சேறி, காலண்டராகி, காக்களூரில் ஒரு ஒற்றை அறை வீட்டின் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த ஓவியங்கள் ஏன் அவ்வளவு கண்ணீர் வடித்தன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் கோயில்களிலிருந்து படங்களையும் சுரூபங்களையும் அகற்றிக்கொண்டிருந்த காலம். கத்தோலிக்கத் திருச்சபை அதற்கு மறுமொழியாக, திரெந்து பொதுச்சங்கத்தின் கடைசி அமர்வில், 1563 டிசம்பரில், படங்கள் வேண்டும் என்று உறுதி செய்தது. எழுத்தறியாத மக்களுக்கு அவை கற்பிக்க வேண்டும், பார்ப்பவரின் மனத்தைப் பக்திக்குத் தூண்ட வேண்டும், ஆனால் ஒழுங்கு மீறக் கூடாது. பரோக் ஓவியத்தின் பெரும்பகுதி இந்த இரண்டு கட்டளைகளுக்கும் நடுவில் நிற்கிறது. உருக்கு, ஆனால் அடக்கமாக உருக்கு.

அடக்கம் யாருக்கு என்று பார்த்தால், முதலில் மரியாளுக்குத்தான். சிலுவையடியில் அவள் அழுதாளா என்பதே பெரிய விவாதமாக இருந்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டு ஆயர் அம்புரோசியார், அவள் நின்றாள் என்றுதான் வேதத்தில் இருக்கிறது, அழுதாள் என்று இல்லை என்று எழுதினார். இடைக்கால ஓவியர்கள் இதைக் கேட்கவில்லை. மகனின் சாவைப் பார்த்து மயங்கி விழும் தாயை அவர்கள் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அந்த மயக்கத்துக்கே ஒரு திருநாள் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, 1506இல் இறையியலாளர் கயேத்தான் அதை மறுத்து எழுதினார். மயங்கி விழுவது உடலின் பலவீனம், அது அவளுக்குப் பொருந்தாது, அவள் நின்றாள் என்பதே அவர் வாதம். திரெந்துக்குப் பிறகு வந்தவர்களும் மயங்கும் மரியாளை வரையக் கூடாது என்று ஓவியர்களைக் கண்டித்தார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குப் பெரியப்பாவின் குரல் கேட்டது. நின்றாள். நிற்க வேண்டும். பெல்ட் முன்னால் பதினேழு வருடம் நின்றவளின் மகளும் நிற்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு பாடத்திட்டம் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் சமய இலக்கியத் தாள் எனக்கு வந்தது. வீரமாமுனிவர் பகுதிக்குத் தேம்பாவணியோடு அவருடைய சிற்றிலக்கியம் ஒன்றையும் எடுக்கலாம் என்று பார்த்தபோது 'அன்னை அழுங்கல் அந்தாதி' கண்ணில் பட்டது. மகனை இழந்த மரியாளின் துயரைப் பாடும் நூல். தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

அழுங்கல் என்ற சொல்லைத் தமிழ் படித்தவர்கள் எளிதில் கடந்து போக முடியாது. தொல்காப்பிய உரியியல் அதை முதலில் ஓசையைக் குறிக்கும் சொற்களோடு சேர்த்துச் சொல்கிறது. கம்பலை, சும்மை, கலி ஆகியவற்றோடு அழுங்கலும் அரவம்தான். ஊர் கூடி எழுப்பும் இரைச்சல். பிறகு, அதற்கு இரக்கம் என்றும் கேடு என்றும் பொருள் உண்டு என்கிறது. சத்தம், துயரம், அழிவு மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. முனிவர் துயரம் என்ற பொருளில்தான் வைத்திருப்பார். சொல் தன் பழைய சத்தத்தையும் தூக்கிக்கொண்டுதான் வரும்.

அவர் தேர்ந்துகொண்ட வடிவமும் அப்படி. அந்தாதியில் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்த பாட்டு தொடங்கும். கடைசிப் பாட்டு முதல் பாட்டில் போய்ச் சேரும். முடிக்க முடியாத அழுகைக்கு இதைவிடப் பொருத்தமான யாப்பு இல்லை. எங்கள் தெருப் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது ஒருத்தி இழுத்து நிறுத்திய இடத்திலிருந்து இன்னொருத்தி எடுப்பாள். நாட்டுப்புற இலக்கியம் நடத்தும்போது இதை நான் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். அம்மாவின் சாவுக்கு அந்தப் பெண்கள் வாசலில் மாரடித்துப் பாடியபோது, கல்லூரியிலிருந்து வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசியதும் நான்தான்.

இத்தாலியரான கொன்ஸ்டான்ஸோ பெஸ்கி தமிழில் இப்படி எழுதியதன் பின்னணியை மாணவிகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் பிறந்தது 1680இல், பரோக் கலை ஐரோப்பாவின் கோயில்களை நிறைத்திருந்த காலத்தில். அவர் சேர்ந்த இயேசு சபையில், காட்சியைக் கண்முன் கொண்டுவந்து, பார்த்து, கேட்டு, முகர்ந்து, தொட்டு உணர்வதே தியானப் பயிற்சி. அந்தப் பயிற்சியோடு 1710இல் இந்தியா வந்தவர், தமிழ்ப் பெண்ணைப்போல் புடவை உடுத்திய மரியாளைப் பெரியநாயகி என்று கோணான்குப்பத்தில் நிறுவினார். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா. பரோக் தமிழ்நாட்டுக்கு வந்த வழிகளில் இது ஒன்று. ஓவியமாக வராமல், புடவையாகவும் அந்தாதியாகவும் வந்தது.

அவர் பிறந்த ஊர் காஸ்திலியோனே. மாந்துவா நகரத்துக்குப் பக்கம். மாந்துவாவைப் பற்றித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் லேப்டாப் திரையில் அந்த ஓவியம் வந்தது. கரவாஜியோ வரைந்த 'கன்னி மரியாளின் மரணம்'. மாந்துவா கோமகன் அதை 1607இல் வாங்கியிருக்கிறார். முனிவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அது இங்கிலாந்து அரசருக்கு விற்கப்பட்டுப் போய்விட்டது. பிறகு பிரெஞ்சு அரசரிடம் சேர்ந்து, இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முனிவர் அதைத் தம் ஊர்ப்பக்கத்தில் பார்த்திருக்க வழியில்லை. நான் பார்த்தேன், ராத்திரி பதினோரு மணிக்கு, சமையலறை மேசையில்.

முதலில் கண்ணில் பட்டது பாதங்கள்.

பன்னிரண்டடி உயரமுள்ள அந்த ஓவியத்தில் ஒரு இருட்டறை. மேலே சிவப்புத் திரை சுருட்டிக் கட்டியிருக்கிறது. இடது மேல்பக்கத்திலிருந்து வரும் ஒளி, குனிந்து நிற்கும் சீடர்களின் வழுக்கைத் தலைகளில் பட்டு, நடுவில் கிடத்தியிருக்கும் பெண்ணின் முகத்தில் விழுகிறது. சிவப்பு உடை. ஒரு கை வயிற்றின் மேல், இன்னொரு கை பக்கவாட்டில் துவண்டு கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது. செருப்பில்லாத கால்கள் படுக்கையின் நுனிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவள் புனிதை என்று சொல்ல, தலையைச் சுற்றி நூல்போல் மெல்லிய ஒரு வட்டம் மட்டும். வானதூதர்கள் இல்லை. மேகம் இல்லை. வாள்கள் இல்லை.

ரோமில் திராஸ்தேவரே பகுதியில் இருக்கும் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா கோயிலுக்காக, ஒரு வழக்கறிஞர் 1601இல் இந்த ஓவியத்துக்கு ஒப்பந்தம் செய்தார். வரைந்து முடித்ததும் கார்மல் சபைத் துறவிகள் அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். ஓவியரை அறிந்த சமகாலத்தவர் ஒருவர், மரியாளை வீங்கியவளாகவும் கால்கள் தெரியும்படியும் வரைந்ததுதான் காரணம் என்று எழுதியிருக்கிறார். ஓவியர் நேசித்த ஒரு விலைமகளை மாடலாக வைத்துவிட்டார் என்று இன்னொருவர் எழுதினார். கோயிலுக்கு வேறொரு ஓவியரைக் கொண்டு வேறு படம் வரைந்துகொண்டார்கள். கார்லோ சரசேனி வரைந்த அதில் மரியாள் கைகூப்பி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மேலே சொர்க்கம் திறந்திருக்கிறது. மறுக்கப்பட்ட படத்தை வாங்கச் சொல்லி மாந்துவா கோமகனுக்குப் பரிந்துரைத்தவர் இன்னொரு பெரிய ஓவியரான ரூபன்ஸ்.

வீங்கியவளாகவும் கால்கள் தெரியும்படியும். அந்த வரியைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடினேன். புடவையை இழுத்து மூடச் சொன்னது பெரியப்பா மட்டும் இல்லை போலிருக்கிறது. நானூறு வருடங்களாக யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மறுநாள் மறுபடி திறந்தபோதுதான் ஓவியத்தின் முன்பக்கத்தை முழுசாகப் பார்த்தேன். அங்கே ஒரு பெண் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்து, உடம்பை இரண்டாக மடித்து, முகத்தைக் கைக்குள் புதைத்திருக்கிறாள். மகதலா மரியாள் என்கிறார்கள். மற்ற ஓவியங்களில் அவளை அடையாளம் காட்டும் குறியீடுகள் அலை அலையான கூந்தல், தைலக் குப்பி, மண்டையோடு. கண்ணீர் மின்னும் அவள் முகத்தை வரைவது பரோக் ஓவியர்களுக்குப் பிரியமான வேலை. இங்கே பின்னலும், வெளிச்சம் விழும் பிடரியும்தான் தெரிகின்றன. அவள் அழுகையை நாம் ரசிக்க முடியாது. அவள் காலடியில் ஒரு செம்புப் பாத்திரம் இருக்கிறது. உடலைக் கழுவ வைத்த பாத்திரம்.

குறியீடுகளைப் பட்டியலிடும் நூல்கள் வாளுக்கும் லில்லிக்கும் மண்டையோட்டுக்கும் பொருள் சொல்லும். இந்தப் பாத்திரம் எதற்கும் பதிலாக வைக்கப்பட்டது இல்லை. ஒருத்தி ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள், அதை முடிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள், அவ்வளவுதான் அது சொல்வது. எனக்கு அதைவிடத் துக்கமான பொருள் அந்த ஓவியத்தில் வேறில்லை.

ஏனென்றால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அம்மா செத்த அன்று அக்கா ஷிப்டிலிருந்து நேராக வந்தாள். தலையில் கம்பெனித் தொப்பி, உடம்பில் நீலக் கோட்டு. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெண்கள் புடவைகளை மறைப்பாகப் பிடிக்க, அந்த அன்னக்கூடையில் மஞ்சள் தண்ணீர் வைத்து அம்மாவின் கால்களைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினாள். பாதிக் காலைக் கழுவியவள் அப்படியே நிறுத்தினாள். முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். வாசலில் ஒப்பாரி ஏறிக்கொண்டிருந்தது. அவளிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை, முதுகு மட்டும் ஆடியது. மீதியை வேறு யாரோ கழுவினார்கள்.

இந்த ஓவியத்தை வகுப்பில் காட்டினேன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு சேர்த்து வைத்துப் பேசினேன். அழுகை பிறக்க அது நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை குலைவது, வறுமை. ஒரு சாவு வீட்டில் அழுகிறவர்கள் எல்லோரும் இழவுக்கு மட்டும் அழுவதில்லை, மற்ற மூன்றும் அந்த இடத்தில்தான் வாய் திறக்கும் என்றேன். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ஒரு மாணவி கை தூக்கினாள். அவள் அம்மாவும் கம்பெனி பஸ் ஏறுகிறவள்.

"மேடம், மாதா அழுததை எழுதினவரும் ஆம்பள, வரைஞ்சவரும் ஆம்பள, வேணாம்னு சொன்னவங்களும் ஆம்பளைங்க. பொம்பளைங்க யாரும் வரையலையா, எழுதலையா?"

எழுதினார்கள், வரைந்தார்கள் என்றேன். தேம்பாவணியின் கதைப்போக்குக்கு முனிவர் பயன்படுத்திய நூல்களுள் ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியா எழுதிய மரியாளின் வாழ்க்கை வரலாறு முக்கியமானது. அவள் 1602இல் பிறந்து 1665இல் இறந்தவள். பெண்கள் இதையெல்லாம் எழுதக் கூடாது என்று ஒரு குருவானவர் சொன்னதால் முதல் கைப்பிரதியைத் தன் கையாலேயே எரித்தாள். பிறகு உட்கார்ந்து முழுவதையும் மறுபடி எழுதினாள். 1726இல் முடிந்த 3615 பாடல்கள் கொண்ட தமிழ்க் காப்பியத்துக்குள் அந்தச் சாம்பலிலிருந்து எழுந்த கதை ஓடுகிறது.

ரோமில் பிறந்த ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கியைப் பற்றியும் சொன்னேன். தன்னை வல்லுறவு செய்தவன் மீதான வழக்கில், 1612இல், அவள் சொல்வது உண்மையா என்று சோதிக்க விரல்களில் கயிறு சுற்றி இறுக்கினார்கள். ஓவியம் வரையும் விரல்கள். அவள் சொன்னதையே திரும்பச் சொன்னாள். பின்பு அவள் வரைந்த யூதித்து, எதிரித் தளபதியின் தலையை அறுக்கும்போது அழவில்லை, கண்ணை மேலே செருகவும் இல்லை. கைகளை மடித்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிறாள். பணிப்பெண் அவனை அமுக்கிப் பிடித்திருக்கிறாள். இரண்டு பெண்கள் சேர்ந்து செய்யும் கனமான வேலையாக அதை வரைந்திருக்கிறாள்.

மாணவி எழுதிக்கொண்டாள். அன்று சாயங்காலம் யூனிட் ரயிலில் திருவள்ளூர் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அக்கா வீட்டுக்குப் போனேன்.

அக்கா வேலையை விட்டு வருடங்களாகிவிட்டன. வியாகுல மாதா அதே சுவரில் இருந்தாள். நீலம் வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. அக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். போனில் அந்த ஓவியத்தைப் பெரிதாக்கி, யார் என்று சொல்லாமல் காட்டினேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"யாரு பாப்பா இது? காலு இன்னா இப்படி வீங்கிக்கெடக்கு. நின்னு வேல செஞ்சவளா?"

"மாதாக்கா."

அவள் முகம் மாறுமோ என்று பயந்தேன். பக்தியுள்ளவள். திரையைத் தள்ளித் தள்ளி மறுபடி பாதங்களுக்கு வந்தாள்.

"தச்சன் பொண்டாட்டிதான. நிக்காம இன்னா செய்வா" என்றாள். பிறகு கீழே வந்தாள். "இந்தப் பொண்ணு பாதியில உட்காந்துடுச்சு. தண்ணி அப்படியே இருக்குது பாரு."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "அந்த அன்னக்கூட இருக்குதா?"

"பரண்ல இருக்குதுக்கா."

"ஒருநாள் எடுத்துக்கினு வா. எனக்கும் ராத்திரில காலு தாங்கல." சற்று நேரம் கழித்துக் கேட்டாள். "அன்னிக்கு நீ கத்த ஆரம்பிச்ச, அப்புறம் ஏன் நிறுத்திட்ட? நான் உள்ள வரும்போது கல்லு மாதிரி நிக்கிற."

"பெரியப்பா சொன்னாருக்கா. படிச்ச பொண்ணு கத்தக் கூடாதுன்னு."

"அவுருக்கு இன்னா தெரியும்?" என்றாள் அக்கா. "அவுரா நின்னாரு அங்க?"

அப்போதுதான் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், யாரோ வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா கட்டிலில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அழாதே என்று மட்டும் அவள் சொல்லவில்லை.